உலோகத்தில் மனித உருவம்: வேலூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரும்பிலும் செம்பிலும் வெண்கலத்திலும் இன்றைய சிற்பிகள் மனித உடம்பை எப்படி அணுகுகிறார்கள் என்று வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் கேட்கிறவர்கள் இரண்டு வகை. கலை படிக்கும் பிள்ளைகள் ஒரு பக்கம். வெல்டிங் கை நன்றாக வாய்த்தும் உருவம் மட்டும் பிடிபடாத பட்டறைக்காரர்கள் இன்னொரு பக்கம். இருவரும் கேட்பது பெரும்பாலும் ஒரே சந்தேகங்களைத்தான். அவரவர் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறோம். ஓரிடத்தில் சொன்னதை மறுபடி சொல்லவில்லை. கேள்வி எண்ணைக் கொடுத்திருக்கிறோம்.

1. சாமி சிலை செய்யறாங்களே, அதேதானே இது? புதுசா இன்னா இருக்கு?

உலோகம் ஒன்றாக இருக்கலாம், தொடங்கும் இடம் வேறு. ஸ்தபதி தாளக் கணக்கிலிருந்து, அதாவது உடம்பின் உறுப்புகளுக்கான அளவு விதியிலிருந்து தொடங்குகிறார். உத்தம தசதாளத்தில் உருவத்தின் உயரம் 124 அங்குலம். இந்த அங்குலம் இன்ச் கிடையாது. அந்தச் சிலையின் உயரத்தையே 124 ஆகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு. முகம் இத்தனை, கழுத்து இத்தனை என்பது ஓலை நறுக்கை மடித்து அளக்கும்போதே முடிவாகிவிடும். அந்த உடம்பு எந்தத் தனி ஆளுடையதும் அல்ல, அப்படி இருக்கவும் கூடாது.

இன்றைய சிற்பி பெரும்பாலும் ஓர் ஆள் நிற்கும் விதத்திலிருந்து தொடங்குகிறார். சென்னை மெரினாவில் 1959இல் வைக்கப்பட்ட தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலையைப் பாருங்கள். நான்கு பேரும் பாறையை நெம்பும்போது பாரம் தோளிலிருந்து இடுப்புக்கும் இடுப்பிலிருந்து குதிகாலுக்கும் இறங்குவதுதான் அந்த வெண்கலத்தின் விஷயம். முகங்களை மறைத்துவிட்டுப் பார்த்தாலும் அது குறையாது.

அதற்காக மரபை உதறிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். சிற்பி பி.வி. ஜானகிராம் செம்புத் தகட்டை அடித்து, எதிரே நின்று பார்க்கும்படியான உருவங்கள் செய்தார். கோயிலில் மூலவருக்குச் சாத்தும் கவசத் தகட்டு வேலைக்கு அது நெருங்கிய சொந்தம். சென்னை அருகே சோழமண்டலம் கலைஞர் கிராமத்தில் இருந்த எஸ். நந்தகோபால் அதே எதிர்முகப் பார்வையை வெல்டிங்கில் கொண்டுவந்தார்.

2. எந்த மெட்டல் நல்லது? வெண்கலமா, இரும்பா, செம்பா?

என்ன சொல்லப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. தோலின் மென்மை, ஒருவரின் சாயல், விரல் ரேகை எல்லாம் வேண்டும் என்றால் வெண்கல வார்ப்பு. ஊற்றும்போது அது ஓடி மெல்லிய பள்ளத்தையும் நிரப்பும். எலும்பு, இழுப்பு, எடை வேண்டும் என்றால் மைல்டு ஸ்டீல், அதாவது பட்டறையின் சாதாரண இரும்பு. வெட்டி, ஒட்டி, பிடிக்காவிட்டால் மறுபடி வெட்டலாம். அந்தச் சுதந்திரம் வார்ப்பில் இல்லை. சுத்தியலால் மேடு பள்ளம் எழுப்ப வேண்டும் என்றால் செம்பு.

செம்பு எவ்வளவு கேட்கும் என்பதற்கு வெளியூர் போக வேண்டாம். திருமலைக்கோடியில் 2007இல் திறந்த ஸ்ரீபுரம் கோயிலின் பொன் வேலைக்கு அடியில் இருப்பது அடித்து எழுப்பிய செம்புத் தகடுதான். அடிக்க அடிக்கச் செம்பு விறைக்கும். மங்கிய சிவப்பு வரும்வரை காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் மறுபடி இளகும். இளக்காமல் அடித்துக்கொண்டே போனால் ஓரத்திலிருந்து கீறல் விடும். இரும்புக்கு இந்தப் பக்குவம் ஆகாது. காய்ச்சி மெதுவாக ஆறவிட வேண்டும்.

3. நான் சிப்காட்ல ஃபேப்ரிகேஷன் வெல்டர். எனக்கு வரையவே தெரியாது. மனுஷ உருவம் வருமா?

வரும். ஆனால் உங்கள் கைப்பழக்கம் இரண்டு இடத்தில் எதிராக வேலை செய்யும். பட்டறையில் எல்லாம் மூலைமட்டத்துக்குள் இருக்க வேண்டும். உடம்பில் எதுவும் மூலைமட்டத்தில் இல்லை. இடுப்பு ஒரு பக்கம் ஏறினால் தோள் அந்தப் பக்கம் இறங்கும். வெல்டர்கள் செய்யும் முதல் உருவத்தில் தோளும் இடுப்பும் ரயில் தண்டவாளம் மாதிரி இணையாக இருப்பதை அடிக்கடி பார்க்கலாம். அது காவலுக்கு நிற்கும் பொம்மையாகிவிடும். இரண்டாவது, தகடு வளைந்த குழாயாக உடம்பை நினைப்பது. முன்கை எங்கும் உருளை அல்ல. முழங்கைப் பக்கம் அகலம் ஒரு திசையில், மணிக்கட்டில் வேறு திசையில்.

வரைவதற்குப் பதிலாகக் களிமண்ணில் ஒரு முழ உயரத்துக்குச் செய்து பழகுங்கள்.

4. எங்கிருந்து ஆரம்பிக்கணும்? முகத்துலயா?

முகம் கடைசி. முதலில் நிலை. எடை எந்தக் காலில் என்று முடிவு செய்யாமல் ஒரு கம்பிகூட வெட்டாதீர்கள்.

ஒரு காலில் எடை வைத்து ஆள் நின்றால், தொண்டைக் குழியிலிருந்து விடும் தூக்குக்குண்டு அந்தக் காலின் உள்கணுக்கால் பக்கம் விழும். எடை இரண்டு காலிலும் சமம் என்றால் இரண்டுக்கும் நடுவே விழும். இது தப்பினால் உருவம் கீழே விழுகிற மாதிரி இருக்கும். விழுகிற ஆளைச் செய்கிறீர்கள் என்றால் சரி. ஸ்தபதிகள் திரிபங்கத்துக்கு (உடம்பு மூன்று இடத்தில் வளைந்த நிலை) நூல் பிடிப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

அடுத்து எலும்புக்கூடு. ஆள் உயர உருவத்துக்குக் கால், முதுகுத் தண்டுக்கு 16 மி.மீ. கம்பி, கைக்கு 12 மி.மீ. (திறந்த வெளியில் நிற்பதானால் காலுக்கு இது பத்தாது, 11 பார்க்கவும்.) தோளுக்கு ஒரு குறுக்குக் கம்பி, இடுப்புக்கு ஒன்று. இந்த இரண்டையும் முதலில் டேக் (சின்னப் புள்ளி வெல்டு) மட்டும் வையுங்கள். ஐந்தடி தள்ளி நின்று நான்கு பக்கமும் சுற்றிப் பாருங்கள். வெறும் கம்பியாக இருக்கும்போதே "இவர் யாருக்கோ காத்திருக்கிறார்", "இவர் களைத்திருக்கிறார்" என்று தெரிய வேண்டும். இந்தக் கட்டத்தில் தெரியாதது தகடு போர்த்திய பிறகு தானாக வராது.

5. தகடு எத்தனை கேஜ் போடணும்? மொத்தம் எவ்வளவு வெயிட் வரும்?

ஆள் உயர உருவத்துக்கு 14 கேஜ், அதாவது 2 மி.மீ. பழகுகிறவருக்கு இதுவே நல்லது. இதைவிட மெல்லிய 18 கேஜில் சுத்தியல் வேலை சுலபம், ஆனால் வெல்டிங்கில் ஓட்டை விழும், பிறகு கிரைண்டரில் காகிதமாகிவிடும். 3 மி.மீ.க்கு மேல் போனால் கையால் வளைக்க முடியாது.

வளர்ந்த ஆளின் தோல் பரப்பு சுமார் 1.8 சதுர மீட்டர். 2 மி.மீ. இரும்புத் தகடு சதுர மீட்டருக்கு 15.7 கிலோ. ஆகத் தகடு மட்டும் 28 கிலோ. கம்பிக் கூடு, வெல்டிங் சேர்த்து 40 கிலோவைத் தாண்டும். 8க்கு 4 அடி தகடு ஒன்று ஏறக்குறைய 47 கிலோ. வெட்டுக் கழிவு போக ஒரு தகடு போதும். இதே ஆளை 5 மி.மீ. கனத்தில் வெண்கலத்தில் வார்த்தால் 80 கிலோ அளவு. உள்ளே கூடு விடாமல் முழுக் கனமாக வார்த்தால் ஐந்நூறைத் தாண்டும்.

6. தகட்டுல நெஞ்சு, முதுகு மாதிரி வளைவு எப்படி எடுக்கறது? ரோலிங் மிஷினா?

ரோலிங் ஒரு திசையில்தான் வளைக்கும். உடம்பு இரண்டு திசையில் வளைகிறது. கறிக்கடையில் இருக்கிற மாதிரி புளியங்கட்டை ஒன்றில் ஓரடி விட்டத்துக்கு ஆழமில்லாத குழி குடைந்து, அதில் தகட்டை வைத்து உருண்டைத் தலைச் சுத்தியலால் ஓரத்திலிருந்து நடுவுக்குச் சுற்றிச் சுற்றி அடிக்க வேண்டும். நடுவில் முதலில் அடித்தால் ஓரம் சுருக்கம் விழுந்து மடியும்.

ஒரே தகட்டில் முழு முதுகை எடுக்க ஆசைப்படாதீர்கள். களிமண் மாதிரியின் மேல் ஈரக் காகிதத்தை ஒட்டிப் பாருங்கள். காகிதம் எங்கே சுருங்குகிறதோ அங்கேதான் வெட்டுக்கோடு. முதுகுக்கு நான்கு துண்டு, நெஞ்சுக்கு நான்கு, தொடைக்கு மூன்று என்று வரும். வெட்டுக்கோடுகளைத் தசையின் போக்கிலேயே விட்டால் வெல்டிங் வரியே உடம்பை வரைந்துவிடும். தேய்த்து மறைக்க வேண்டிய அவசியமே வராது.

7. டேக் வெச்சப்போ நல்லா இருந்துச்சு. ஃபுல் வெல்டு பண்ணதும் ஒரு பக்கமா கோணிக்கிச்சு. ஏன்?

உருகிய இரும்பு ஆறும்போது சுருங்குகிறது. எந்தப் பக்கம் அதிகமாக வெல்டு ஓட்டினீர்களோ அந்தப் பக்கம் இழுக்கும். ஒரு தோளிலிருந்து இடுப்புவரை ஒரே மூச்சில் ஓட்டினால் முதுகே வளையும்.

40 மி.மீ.க்கு ஒரு டேக். பிறகு 25 முதல் 30 மி.மீ. நீளத்துக்கு ஒரு வரி. உடனே உடம்பின் எதிர்ப் பக்கம் போய் ஒரு வரி. பிறகு மறுபடி வேறிடம். வெறுங்கையால் தொட முடிகிற அளவு ஆறிய பிறகே பழைய இடத்துக்கு வாருங்கள். 2 மி.மீ. தகட்டுக்கு 12 கேஜ் 6013 ராடு, 60 முதல் 70 ஆம்பியர். சிஓ2 வெல்டிங் இருந்தால் 0.8 மி.மீ. ஒயர், சூடு குறைவு, கோணலும் குறைவு. பெரிய பரப்புகளுக்கு உள்ளே தற்காலிகமாகக் குறுக்குக் கம்பி கட்டிவைத்து, கடைசியில் அறுத்து எடுங்கள். கழுத்தை எல்லாவற்றுக்கும் பிறகு வையுங்கள். உடம்பு எவ்வளவு இழுத்திருந்தாலும் தலையைச் சரியான சாய்வில் நிறுத்த அது ஒன்றுதான் வழி.

முழுக்க மூடிய உருவத்தில் எங்காவது 6 மி.மீ. துளை விட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் உள்ளே அடைபட்ட காற்று சூட்டில் விரிந்து, கடைசி வெல்டைப் பிய்த்துக்கொண்டு உருகிய துளியை முகத்தில் துப்பும்.

8. உடம்புல அங்கங்க ஓட்டையா விடறாங்க, மூஞ்சியே வைக்க மாட்டேங்கறாங்க. தகடு பத்தலையா, இல்ல தெரியாதா?

சிலருக்குத் தெரியாது, உண்மைதான். தெரிந்தவர் விடுவதற்குக் காரணம் உண்டு. சாலையோரம் பத்து மீட்டரிலிருந்து பார்க்கும் உருவத்தில் கண் இமை தெரியாது. தலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது தெரியும். இங்கிலாந்தில் 1998இல் நின்ற ஆண்டனி கோர்ம்லியின் 'வடக்கின் தேவதை' 20 மீட்டர் உயரம், 54 மீட்டர் இறக்கை, 200 டன் எஃகு. முகத்தில் கண் மூக்கு கிடையாது. இறக்கைகள் சற்றே முன்னோக்கிச் சாய்ந்திருப்பதுதான் அந்த உருவத்தின் மனசு.

ஓட்டை விடுவதற்கும் ஒழுங்கு உண்டு. எடை தாங்கும் பக்கத்தை மூடி, தளர்ந்த பக்கத்தைத் திறந்துவிட்டால் பார்க்கிறவர் கண் மீதியை நிரப்பிக்கொள்ளும். எல்லாப் பக்கமும் சமமாக ஓட்டை விட்டால் சல்லடைதான். திறந்த விளிம்பில் தகட்டின் 2 மி.மீ. கனம் பச்சையாகத் தெரியும். 6 மி.மீ. கம்பியை விளிம்போடு ஓட்டினால் பார்வைக்குக் கனம் வரும், குழந்தைகளின் கையும் கிழியாது.

9. கையும் காலும்தான் வரவே மாட்டேங்குது.

விரல் விரலாகத் தொடங்குவதுதான் காரணம். உள்ளங்கை ஒரு கட்டி, நான்கு விரலும் சேர்ந்து ஒரு தகடு, கட்டை விரல் தனி. இந்த மூன்றும் சரியான கோணத்தில் அமைந்தால், நான்கு விரலையும் பிறகு அறுத்துப் பிரிக்கலாம், பிரிக்காமலும் விடலாம். கட்டை விரல் மற்ற விரல்களின் தளத்தில் இல்லை. குறுக்கே திரும்பி நிற்கும். பாதிக் கைகள் கெடுவது இங்கேதான்.

அளவுக்கு உடம்பே போதும். முகவாயிலிருந்து முடி தொடங்கும் இடம்வரை எவ்வளவோ, கை அவ்வளவு. முழங்கை மடிப்பிலிருந்து மணிக்கட்டுவரை எவ்வளவோ, பாதம் அவ்வளவு. எல்லாரும் பாதத்தைச் சின்னதாகவே செய்கிறார்கள்.

10. பழைய செயின், ஸ்பேனர், பைக் டேங்க் வெச்சு செய்யலாமா? செலவு மிச்சம்தானே?

பொருள் செலவு மிச்சம், நேரச் செலவு இரண்டு மடங்கு. ஸ்பேனர் ஸ்பேனராகவே தெரிந்தால் பார்க்கிறவர் "அட, ஸ்பேனர்!" என்பதோடு நகர்ந்துவிடுவார். ஒரு துண்டின் வளைவு உடம்பின் வளைவோடு ஒத்துப்போகும் இடத்தில் மட்டும் அதை வையுங்கள். சைக்கிள் செயின் முதுகெலும்பாகும் யோசனை உலகத்துக்கே வந்தாகிவிட்டது.

ஆபத்து தனி விஷயம். பெட்ரோல் டேங்க், மூடிய டிரம் எதையும் வெட்ட வேண்டாம். காலியான டேங்கில் தங்கியிருக்கும் ஆவிதான் வெடிப்பது. ஜிஐ (துத்தநாகம் பூசிய) பைப், தகடு வெல்டு செய்தால் துத்தநாகப் புகை. நான்கு முதல் பத்து மணி நேரம் கழித்துக் குளிர் ஜுரம் வரும், வாயில் உலோக ருசி, ஓரிரு நாளில் அடங்கும். பால் குடித்தால் போகும் என்பது பட்டறை நம்பிக்கை. நுரையீரலுக்குப் போனதைப் பால் எடுக்காது. பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டத்தில், புகைக்கான வடிகட்டி முகமூடியோடு செய்யுங்கள். பளபளக்கும் பம்பர், ஹேண்டில்பாரில் இருப்பது குரோம். குரோம் என்ன செய்யும் என்று, அதன் கழிவால் மண்ணும் நீரும் கெட்ட ராணிப்பேட்டைக்காரர்களுக்கு நாங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் புகையிலும் அது உண்டு.

11. ஒத்தக் கால்ல நிக்கிற உருவம். காத்துல சாயாதா?

4ஆம் கேள்வியின் தூக்குக்குண்டு பார்வைக்கு, இது பொறியியல். இரண்டு மீட்டர் உருவம் காற்றுக்குக் காட்டும் பரப்பு 0.7 சதுர மீட்டர் என்று வையுங்கள். வினாடிக்கு 39 மீட்டர் வேகப் புயல் காற்று அதன் மேல் 65 கிலோ அளவுக்குத் தள்ளும், அதுவும் இடுப்பு உயரத்தில். அந்தத் திருகு முழுவதும் கணுக்காலில் வந்து சேரும். 25 மி.மீ. கம்பி அதற்குப் போதாது. ஒற்றைக் காலுக்கு 40 மி.மீ. கனக் கம்பி, இரண்டு காலென்றால் ஒவ்வொன்றுக்கும் 32. தொடைவரை ஒரே கம்பியாக ஓட வேண்டும். கணுக்காலில் ஒட்டு இருக்கவே கூடாது.

கீழே 12 மி.மீ. தகடு, நான்கு 16 மி.மீ. போல்ட், 600க்கு 600க்கு 450 மி.மீ. கான்கிரீட். அந்தக் கான்கிரீட் 390 கிலோ அளவு வரும். பொது இடம் என்றால் பிள்ளைகள் கையில் தொங்கி ஆடுவார்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள். இன்னும் பெரிய உருவம் என்றால் கட்டுமானப் பொறியாளரிடம் காட்டாமல் நிறுத்தாதீர்கள்.

12. வார்ப்புக்கு நம்ம ஊர் ஃபவுண்டரியிலயே குடுக்கலாமா? சுவாமிமலைக்குத்தான் போகணுமா?

பம்ப், வால்வு வார்க்கும் மணல் அச்சு இரண்டாகப் பிரிய வேண்டும். அக்குள், காதுமடல், மடங்கிய விரல் எல்லாம் அச்சில் மாட்டிக்கொள்ளும். ஆகவே உருவத்துக்கு மெழுகு வார்ப்பே வசதி. சுவாமிமலையில் தேன்மெழுகோடு குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்த்து உருவம் செய்து, நைஸான வண்டல் மண்ணை முதல் பூச்சாகப் பூசி, மேலே கரடான மண் ஏற்றுகிறார்கள். பிறகு மெழுகை உருக்கி வடித்துவிட்டு, அந்த இடத்தில் உலோகம் ஊற்றுவது. மெழுகில் விரல்ரேகை இருந்தால் உலோகத்திலும் வரும், அந்த முதல் பூச்சு நைஸாக இருந்தால்.

ஒரு கிலோ மெழுகுக்கு ஒன்பது முதல் பத்து கிலோ வெண்கலம். உலோகம் ஓடும் வழிகளுக்கான மெழுகையும் சேர்த்து நிறுக்க வேண்டும். வெண்கலம் ஆறும்போது 1.5 முதல் 2 சதவீதம் சுருங்கும், 20 செ.மீ. முகம் 19.6 ஆகும். பெரிய உருவத்தைக் கனமாக வார்த்தால் தொடை கடைசியில் ஆறி, உள்ளே குழி விழும். அதனால்தான் உள்ளே மண் கரு வைத்து 4 முதல் 6 மி.மீ. கனத்தில் வார்ப்பது. அச்சில் கொஞ்சம் ஈரம் தங்கினாலும், 1,100 டிகிரி உலோகம் பட்டதும் அது நீராவியாகி உலோகத்தைத் திருப்பி வெளியே வீசும். அவசரப்படுத்தும் வாடிக்கையாளரிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

13. துரு புடிச்சா அழகுன்னு சொல்றாங்க. வேலூர் வெயிலுக்கும் மழைக்கும் நிக்குமா?

கடற்காற்று இல்லாதது நமக்கு லாபம். ஆனால் சாதாரண இரும்பின் துரு தானாக நிற்காது, தகட்டைத் தின்றுகொண்டே போகும். துரு நிறமே வேண்டும் என்றால் கார்டென் எஃகு வாங்குங்கள். நனைந்து காய்ந்து மாறி மாறி வந்தால் அதன் துரு இறுகி அடியிலுள்ளதைக் காக்கும். தண்ணீர் தேங்கினால் அதுவும் அரிக்கும். முதல் சில மழைக்குப் பீடத்தில் செங்கறை வடியும். வெள்ளை கிரானைட்டில் வைத்துவிட்டு வருந்த வேண்டாம்.

உருவத்தில் தண்ணீர் தேங்கும் இடங்கள் காறை எலும்புக் குழி, மடங்கிய முழங்கை, ஏந்திய உள்ளங்கை. அங்கெல்லாம் 8 மி.மீ. வடிகால் துளை, பாதத்தின் அடியிலும் ஒன்று. பெயிண்ட் அடிப்பதானால் தகட்டின் நீலக் கறுப்புப் படலத்தை முழுக்க எடுத்துவிட்டு ஜிங்க் பிரைமர் அடியுங்கள். படலத்தை விட்டு அடித்தால் பெயிண்ட்டோடு சேர்ந்து பொரிந்து விழும். வெண்கலத்துக்கு வருடம் ஒருமுறை மெழுகு போதும். அதன் உள்ளே தாங்கு கம்பி வைத்தால் ஸ்டெயின்லெஸ் ஆகட்டும்; இரும்புக் கம்பி துருப்பிடித்து உப்பி வெண்கலத்தைப் பிளக்கும்.

14. எங்க அப்பா ஃபோட்டோ தர்றேன். அப்படியே வருமா?

ஒரே ஒரு போட்டோ, அதுவும் செல்ஃபோனில் அருகிலிருந்து எடுத்தது என்றால் மூக்கு பெரிதாகவும் காது பின்வாங்கியும் இருக்கும். இரண்டு மூன்று மீட்டர் தள்ளி, முக உயரத்திலிருந்து எடுத்த முன்பக்கம், இரு பக்கவாட்டு, முடிந்தால் பின்பக்கம் வேண்டும். சாயலுக்கு வெல்டிங் வழி வேண்டாம். களிமண், பிறகு மெழுகு, பிறகு வெண்கலம். வீட்டார் களிமண்ணிலேயே பார்த்துச் சரி சொல்ல வேண்டும்.

முகப் படங்களை விட, அவர் தெருவில் நடந்துபோகும் வீடியோ ஒன்று கிடைத்தால் அதிக உதவி. சொந்தக்காரர்கள் ஆளை முதுகிலேயே அடையாளம் காண்கிறார்கள். ஒரு தோள் இறங்கியிருந்தது, வேட்டியை இடது கையால் பிடித்தபடி நிற்பார் என்பதையெல்லாம் விட்டுவிட்டு மூக்கை மட்டும் சரியாகச் செய்தால், "ஏதோ குறையுது" என்பார்கள்.

15. துணி இல்லாம செஞ்சா ஊர்ல பிரச்சனை வராதா?

வரலாம். கண்காட்சிக் கூடத்தில் ஒன்று, பேருந்து நிலையத்தில் இன்னொன்று என்பதைச் சிற்பி தெரிந்தே முடிவு செய்ய வேண்டும். ஆனால் துணியை மேலே ஒட்டும் வேலையாகச் செய்தால் உருவம் மூட்டையாகிவிடும். உடம்பை முதலில் முடித்து, முழங்காலும் இடுப்பும் துணியைத் தள்ளும் இடங்களில் மட்டும் மடிப்பை எழுப்புங்கள். சோழர் வெண்கலத்தில் ஆடை என்பது பெரும்பாலும் சில கீறலும் ஒரு விளிம்பும்தான்; உடம்பும் தெரிகிறது, உடையும் இருக்கிறது. இரும்பில் சேலை மடிப்புக்கு இன்னொரு பயனும் உண்டு: 11இல் சொன்ன தடித்த கம்பியை அதற்குள் ஒளித்துவிடலாம்.

இடத்தைப் பொறுத்தவரை, சாலை, நடைபாதை போன்ற இடங்களில் சிலைக்கு அனுமதி தரக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013இல் உத்தரவிட்டிருக்கிறது. வேலை தொடங்கும் முன்பே இடத்தையும் அனுமதியையும் எழுத்தில் பாருங்கள்.

16. கத்துக்கறதுக்கு எங்க போய்ப் பாக்கலாம்?

எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் வெண்கலக் கூடம் முதலில். மெரினா, சோழமண்டலம் அடுத்த நாள். வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத் தூண்கள் கல்தான். இருந்தாலும் யாளிமேல் இருப்பவரின் இடுப்பும் தொடையும் எப்படிப் பிடித்துக்கொண்டிருக்கின்றன என்று பார்க்க அதைவிட அருகில் வேறில்லை. எங்கே போனாலும் பின்பக்கம் பாருங்கள். செய்தவர் எங்கே சலித்தார் என்பது அங்கேதான் தெரியும்.

17. சரி, கிலோ என்ன விலை?

கிலோ கணக்கில் விலை சொல்லும் சிற்பி தகட்டைக் கனமாகப் போடுவார், அவ்வளவுதான் நடக்கும். 5இல் பார்த்தபடி ஆள் உயர இரும்பு உருவம் 40 கிலோ சொச்சம். கனமாக வார்த்த வெண்கலம் அதைப் போலப் பத்து மடங்குக்கு மேல். வேலை பத்து மடங்கு கிடையாது.

விலைப் பேச்சில் பிரித்துக் கேட்க வேண்டியவை: களிமண் மாதிரி, உலோகமும் எரிபொருளும், வெல்டிங் அல்லது வார்ப்புக் கூலி, மேற்பூச்சு, அடித்தளம். பணத்தைக் களிமண் மாதிரிக்குச் சரி சொன்னதும் ஒரு பகுதி, கம்பிக் கூடு அல்லது மெழுகு முடிந்ததும் ஒரு பகுதி, நிறுத்திய பிறகு மீதி என்று பிரியுங்கள். லாரி, கிரேன் வாடகை யார் பொறுப்பு என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள். கடைசி நாள் சண்டை பெரும்பாலும் அதில்தான்.